ஐயாயிரம் முதலாளிகளின் குதிரை

குதிரைப் பந்தயம் ஜனநாயகமாகிவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பந்தயச் செய்தி எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் பாடும் பல்லவி இது. மன்னர்களும் பிரபுக்களும் எண்ணெய் ஷேக்குகளும் ஆடிய ஆட்டம், பலர் சேர்ந்து குதிரை வாங்கும் பெரிய சிண்டிகேட்டுகள் வந்த பிறகு பள்ளி ஆசிரியைக்கும் லாரி ஓட்டுநருக்கும் எட்டிவிட்டதாம். அத்தாட்சியாக இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒன்று, 2020 கெண்டகி டெர்பியை வென்ற அதென்டிக். ‘மைரேஸ்ஹார்ஸ்’ என்ற நிறுவனத்தின் வழியாக அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வைத்திருந்தார்கள். இன்னொன்று, 2024இல் பிம்லிகோ மைதானத்துச் சேற்றில் ஓடி பிரீக்னஸ் பந்தயத்தை வென்ற சீஸ் தி கிரே. அதற்கு 2,570 உரிமையாளர்கள். பங்கு ஒன்று 127 டாலர். பந்தயம் முடிந்ததும் தொலைக்காட்சியில் தொப்பியும் கண்ணீருமாகக் கட்டிப்பிடித்துக்கொண்ட கூட்டத்தைப் பார்த்து எந்தக் கல்நெஞ்சும் கரைந்திருக்கும். என் நெஞ்சும் கரைந்தது. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை சொல்ல வேண்டியது அதை வைத்துக் கட்டும் வாதத்தை. செலவை ஆயிரம் பேர் தலையில் பிரித்துப் போட்டதை, அதிகாரத்தை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுத்ததாகக் காட்டுகிறார்கள். தேர் வடம் பிடிக்க ஊரே வரலாம். வடம் பிடித்ததால் யாரும் தர்மகர்த்தா ஆகிவிடுவதில்லை. பெரிய சிண்டிகேட்டுகள் செய்திருப்பது வடத்தை நீளமாக்கியதுதான். தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எப்போது நிலைக்கு வர வேண்டும் என்று சொல்லும் கைகள் முன்னைவிடக் குறைந்திருக்கின்றன. பந்தயத் தொழிலுக்கு அதனால் நேர்ந்திருக்கும் கேடு சிறியதல்ல.

முதலில் அதென்டிக்கின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் நிறுத்திய சாட்சிதானே. 2018 செப்டம்பர் கீன்லாந்து ஏலத்தில் அந்தக் குட்டி மூன்றரை லட்சம் டாலருக்குப் போனது. ஓடத் தொடங்கி, பெயர் எடுத்த பிறகு, குதிரையின் 12.5 சதவீதம் 12,500 துண்டுகளாக நறுக்கப்பட்டு ஒவ்வொன்றும் 206 டாலருக்கு விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 15,000 ரூபாய். ஒரு துண்டு என்பது குதிரையில் 0.001 சதவீதம். அப்படியானால் முழுக் குதிரைக்கும் வைக்கப்பட்ட விலை இரண்டு கோடி டாலருக்கு மேல். பராமரிப்பும் மற்ற செலவும் இதில் அடக்கம் என்று கழித்துக்கொண்டாலும் விலை விலைதான்.

குதிரை ஏமாற்றவில்லை. டெர்பியை வென்றது, நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றது. அமெரிக்கப் பந்தயத்தில் இதற்கு மேல் கனவு காண இடமில்லை. டெர்பி வெற்றிக்குரிய பரிசு 18.6 லட்சம் டாலர். ஒரு துண்டுக்கு 18 டாலர் 60 சென்ட். கிளாசிக்கின் முதல் பரிசு 31.2 லட்சம், துண்டுக்கு 31 டாலர் 20 சென்ட். பயிற்சியாளருக்குப் பத்தில் ஒன்று, ஜாக்கிக்குப் பத்தில் ஒன்று என்று வழக்கமான பங்கைக் கழித்தால் இரண்டும் சேர்ந்து நாற்பது டாலர்கூடத் தேறாது. போட்ட 206இல் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்த ஆண்டின் மிகச் சிறந்த குதிரைக்கே இந்தக் கதி என்றால், மற்ற குதிரைகளில் பங்கு வாங்கியவர்களைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

மீதிப் பணம் எங்கே இருக்கிறது? ஓடுதளத்தில் இல்லை. தொழிலுக்கு வெளியே நிற்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். பந்தயக் குதிரையின் உண்மையான விலை அது ஓடி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. ‘தரோபிரெட்’ இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது. பொலிகுதிரை நேரில்தான் பெட்டையோடு சேர வேண்டும். ஆகவே பெயர்பெற்ற ஆண்குதிரை ஒன்று பண்ணையில் நின்றுகொண்டே, ஒவ்வொரு வசந்த காலத்திலும் நூறு, இருநூறு பெட்டைகளுக்குக் கட்டணம் வாங்கித் தருகிறது. அதென்டிக் மூன்று வயதில், எட்டே பந்தயங்களோடு ஓட்டத்தை நிறுத்தியது. அடுத்த பருவத்தில் ஸ்பெண்ட்திரிஃப்ட் பண்ணை அதற்கு வைத்த கட்டணம் ஒரு பெட்டைக்கு 75,000 டாலர். அந்தப் பண்ணை அதென்டிக்கின் கூட்டு உரிமையாளர்களுள் ஒன்று. அதன் அன்றைய அதிபர் வெய்ன் ஹியூஸ் மைரேஸ்ஹார்ஸிலும் பங்காளியாக இருந்தார். குதிரை நான்கு வயதில் ஓடலாமா, கூடாதா என்று 206 டாலர் கொடுத்த ஐயாயிரம் பேரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தனித் தொடர் என்று பதிவாகும் அந்த நிறுவன அமைப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் மேலாளரிடம் இருக்கிறது. பங்குதாரருக்குத் தகவல் வரும், படம் வரும்.

நம்மூரில் குதிரை முதலாளி என்றால் நினைவுக்கு வருகிறவர் எம்.ஏ.எம். ராமசாமி. கிண்டி மைதானத்தின் குத்தகையைத் தமிழக அரசு 2024இல் ரத்து செய்து பூட்டுப் போட்ட பிறகு அந்த நினைவும் பழங்கதையாகிக்கொண்டிருக்கிறது, போகட்டும். அவரைப் போன்ற ஒற்றை முதலாளியைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் அந்த லாயத்துக் குதிரை ஓடினாலும் நின்றாலும், நன்றாக ஓடினாலும் சொதப்பினாலும், யாரைப் பிடித்துக் கேட்பது என்று கேலரியில் டிக்கெட் எடுத்து நிற்பவனுக்கும் தெரியும். சிண்டிகேட் குதிரை சொதப்பினால் யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு விடை எவ்வளவு சிக்கலானது என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு ஜஸ்டிஃபை என்ற குதிரை கெண்டகி டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் மூன்றையும் வென்று ‘டிரிபிள் கிரவுன்’ சூடியது. டெர்பியில் ஜாக்கி மைக் ஸ்மித் அணிந்திருந்தது வின்ஸ்டார் பண்ணையின் வெள்ளை, பச்சைச் சட்டை. ஐந்து வாரம் கழித்து பெல்மாண்டில் அதே ஜாக்கி, அதே குதிரைமீது, சைனா ஹார்ஸ் கிளப்பின் சிவப்புச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரங்களோடு வந்தார். பந்தயத்தில் சட்டையின் நிறம்தான் முதலாளியின் முகவரி. தூரத்தில் வரும் குதிரை யாருடையது என்று கூட்டம் அதை வைத்துத்தான் சொல்லும். இங்கே கூட்டாளிகள் சட்டையை முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். இவ்விருவர் தவிர ஸ்டார்லைட், ஹெட் ஆஃப் பிளெயின்ஸ் என்று இன்னும் இரண்டு கூட்டாளிகள். அந்த இருவருக்கு இருந்தது பந்தய உரிமை மட்டும். இனவிருத்தி உரிமையில் அவர்கள் பங்குக்குரிய இடத்தில் இருந்தது எஸ்எஃப் பிளட்ஸ்டாக் என்ற வேறொரு முதலீட்டு நிறுவனம். அதாவது ஒரே குதிரைக்கு ஓடும்போது ஒரு முதலாளிப் பட்டியல், ஓடி முடித்த பிறகு வேறொரு பட்டியல். ரேஸ் புத்தகத்தில் அச்சானது முதல் பட்டியல். பணம் இருந்தது இரண்டாவதில்.

ஜஸ்டிஃபை பிப்ரவரி 18ஆம் தேதி முதல்முறையாக ஓடியது. ஜூன் 9ஆம் தேதி கடைசியாக ஓடியது. நான்கு மாதம்கூட இல்லை; ஆறு பந்தயம், ஆறும் வெற்றி. கணுக்காலில் வீக்கம் என்று ஜூலையில் ஓய்வு அறிவித்தார்கள். வீக்கம் உண்மையாகவே இருக்கலாம். நான் மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு பெட்டைக்கு ஒன்றரை லட்சம் டாலர் கட்டணத்தோடு பொலிகுதிரையாக நிற்கவிருக்கும் ஒரு விலங்கின் கணுக்கால் ஆறும்வரை பொறுத்திருந்து மறுபடி ஓட்டச் சொல்லும் ஆள் அந்த இரண்டாவது பட்டியலில் எப்படி இருப்பார்?

அதே டெர்பியை இன்னும் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக வந்த ஆடிபிள் என்ற குதிரையும் இதே கூட்டாளிகளுடையது. நோபிள் இண்டி என்ற மற்றொன்றில் வின்ஸ்டாருக்குப் பங்கு உண்டு. பெல்மாண்டுக்கு ஆடிபிள் வரவில்லை. நோபிள் இண்டி வந்தது. டிரிபிள் கிரவுனுக்கு ஓடும் ஜஸ்டிஃபையோடு ஒரே களத்தில் ஓடியது. இதில் யாரும் விதியை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. பிரச்சினை விதிமீறலுக்கு முந்தியது. ஒரு குதிரை வென்றால் அதன் இனவிருத்தி மதிப்பு பல கோடி டாலர் ஏறும் என்கிற நேரத்தில், அதே கையில் போட்டிக் குதிரையும் இருந்தால், அந்த இரண்டாவது குதிரையை எங்கே ஓட்டுவது, ஓட்டாமல் விடுவது என்ற தீர்மானம் விளையாட்டுத் தீர்மானமாக இருக்க முடியுமா? டிக்கெட் வாங்கி நிற்பவன் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்வதே தொழிலுக்கு அவமானம்.

இதற்குப் பழைய காலத்தில் ஒரு மருந்து இருந்தது. ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் ஒரு பந்தயத்தில் ஓடினால் இரண்டையும் ஒரே எண்ணில், 1 என்றும் 1ஏ என்றும், சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எது வென்றாலும் உன் டிக்கெட்டுக்குப் பணம் உண்டு. ஆகவே முதலாளி உள்ளுக்குள் என்ன கணக்குப் போட்டாலும் உனக்கு நட்டமில்லை. கூட்டு உரிமை பெருகப் பெருக இந்த விதி அமெரிக்காவின் பல மாநிலங்களில் தளர்த்தப்பட்டது. காரணம் எளிது. யாருக்கு எந்தக் குதிரையில் எவ்வளவு பங்கு என்று பார்த்துக் கட்ட ஆரம்பித்தால் பாதிக் களத்தை ஒன்றாகக் கட்ட வேண்டியிருக்கும். எண்கள் குறைந்தால் பந்தயப் பணம் குறையும். உரிமையின் வலை அடர்த்தியானபோது கண்காணிப்பை இறுக்கியிருக்க வேண்டும். இவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாதம் அபாயத்தைப் பற்றியது. குதிரை வாங்குவது சூதாட்டம், காலொடிந்தால் எல்லாம் போயிற்று, பலர் சேர்ந்து தாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார்கள். சரியான பேச்சு; ஆனால் இது பொருந்துவது பெரிய கைகளுக்கு. எஸ்எஃப், ஸ்டார்லைட், மடாக்கெட் முதலியோர் சேர்ந்த ஒரு கூட்டணிக்குப் பந்தய வட்டாரத்தில் ‘அவெஞ்சர்ஸ்’ என்று செல்லப் பெயர். ஏலத்துக்கு ஏலம் நல்ல வம்சத்து ஆண்குட்டிகளாகப் பார்த்து வாங்கி பாப் பாஃபர்ட் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் விடுவார்கள். அதென்டிக்கை வாங்கிய அதே ஏலத்தில் சார்லட்டன் என்ற குட்டியை ஏழு லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். எடுத்த குட்டிகளில் பத்தொன்பது வீணாய்ப் போனாலும் இருபதாவது பொலிகுதிரையானால் போதும், எல்லா நட்டமும் அடைபட்டு லாபமும் நிற்கும். இது அபாயத்தைப் பகிர்வதற்கு நல்ல உதாரணம். செயலியில் ஒரு குதிரையின் பங்கை வாங்குகிறவருக்கு இந்தக் காப்பு கிடையாது. அவருடைய குதிரை அந்த ஒன்றுதான். பக்கத்துக் குதிரையின் லாபம் இவருடைய நட்டத்தை அடைக்க வராது. சேர்ந்து வாங்குவதன் பலன் மேலே நிற்பவனுக்கு, சேர்ந்து வாங்குவதன் பெருமை கீழே நிற்பவனுக்கு.

ஏலக் கூடத்தில் இதனால் நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டி விலையை ஏற்றிய ஆறு பெரிய மனிதர்கள் இன்று ஒரே கையை உயர்த்துகிறார்கள். குட்டியை வளர்த்து விற்பவனுக்கு, போட்டி போட்டு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதே சமயம் மூன்று லட்சத்தைத் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கேட்கத் துணிந்த நடுத்தர முதலாளியின் எதிரில் நிற்பது ஆறு பேரின் பை. இரண்டொரு முறை தோற்ற பிறகு அவர் ஏலத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார், அல்லது அதே கூட்டணியில் ஐந்து சதவீதம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். அப்படி ஓர் ஆள் உள்ளே போனதைக்கூட ‘புதிய உரிமையாளர் வந்தார்’ என்றுதான் பதிவு செய்வார்கள்.

‘சிண்டிகேட்டுகள் இல்லையென்றால் தொழிலே செத்திருக்கும்’ என்பது எல்லா வாதமும் தோற்ற பிறகு எடுக்கும் கடைசி ஆயுதம். இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. தனிப் பணக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் விலகிக்கொண்டிருந்த காலத்தில் கூட்டுப் பணம் வந்து ஏலங்களைத் தாங்கிப் பிடித்தது உண்மை. ஆனால் ஏலத்தைத் தாங்குவதும் பந்தயத்தைத் தாங்குவதும் ஒன்றா? 1980களின் நடுவில் வட அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் குட்டிகள் பிறந்தன. இன்று இருபதாயிரம்கூட இல்லை. 1960இல் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாகப் பதினொரு முறைக்கு மேல் ஓடியது. இப்போது ஆறு முறை அளவில் நிற்கிறது. கலிஃபோர்னியாவின் ஹாலிவுட் பார்க் 2013இல் மூடப்பட்டது. பாஸ்டனின் சஃபோக் டவுன்ஸ் 2019இலும் சிகாகோவின் ஆர்லிங்டன் 2021இலும் அதே வழியில் போயின. 2024இல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ். இத்தனையும் சிண்டிகேட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் நடந்தது. சரிவுக்கு அவர்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சூதாட்ட விடுதிகளும் மனைவணிகமும் மாறிவிட்ட ரசனையும் அந்த வேலையைச் செய்தன. காப்பாற்றியவர்கள் என்ற பட்டத்தைத்தான் மறுக்கிறேன்.

ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் விடை தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு மைதானம் உயிரோடு இருப்பது டெர்பி தினத்தால் அல்ல. புதன்கிழமை மத்தியானம், இருநூறு பேர் மட்டும் வந்திருக்கும் நாளில், ஏழெட்டுக் குதிரைகளாவது நிற்கும் பந்தயங்களால். அவற்றில் பெரும்பாலானவை ‘கிளெய்மிங்’ வகை. ஓடும் குதிரையைக் குறித்த விலைக்கு யாரும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குதிரைகளை வைத்திருப்பவர்கள் உள்ளூர்க் கடைக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், இரண்டு மூன்று சிநேகிதர்கள். பொலிகுதிரைக் கனவோடு ஆண்குட்டி வாங்கும் பெரிய கூட்டணிக்குப் புதன்கிழமையில் வேலையில்லை. அவர்களுடைய குட்டி நான்கைந்து உயர்ந்த பந்தயங்களைக் குறிவைத்து, நடுவில் மாதக்கணக்கில் லாயத்தில் நிற்கும். களம் சுருங்குவதைப் பற்றிப் புலம்பும் அதே வாயால் களத்தைச் சுருக்கும் முதலீட்டைப் புகழ்கிறார்கள். 2022 டெர்பியில் ஒன்றுக்கு எண்பது என்ற விலையில் ஓடி உலகத்தையே வாய் பிளக்க வைத்த ரிச் ஸ்ட்ரைக், இப்படி ஒரு கிளெய்மிங் பந்தயத்தில் 30,000 டாலருக்கு எழுதி வாங்கப்பட்ட குதிரை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து அவர்கள் ஃபன்னி சைடைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். நியூயார்க் மாநிலத்தின் சாக்கெட்ஸ் ஹார்பர் என்ற சின்ன ஊரில் பள்ளியில் ஒன்றாய்ப் படித்த சிநேகிதர்களும் இன்னும் சிலரும் ஆளுக்கு ஐயாயிரம் டாலர் போட்டு ஆரம்பித்ததுதான் சாக்கடோகா என்ற குழு. 75,000 டாலருக்கு வாங்கிய குதிரை 2003 டெர்பியையும் பிரீக்னஸையும் வென்றது. மைதானத்துக்கு முதலாளிகள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். கூட்டு உரிமையின் அழகுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது பெரிய சிண்டிகேட்டுக்கு உதாரணமே அல்ல. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பத்துப் பேர் அவர்கள்; விளம்பரம் போட்டு ஆள் சேர்த்த கம்பெனி இல்லை.

ஃபன்னி சைடில் இன்னொரு விஷயம் இருந்தது. அது காயடிக்கப்பட்ட குதிரை. பொலிகுதிரையாக விற்க முடியாது. ஆகவே டெர்பி வென்ற பிறகும் அது செய்யக்கூடிய ஒரே வேலை ஓடுவது. 2007 வரை ஓடியது. மொத்தம் 38 பந்தயம், 11 வெற்றி. தோற்றது, மறுபடி வென்றது, வயதானது, கூட்டம் அதோடு சேர்ந்தே வயதானது. ஜஸ்டிஃபையின் ஆறு பந்தயங்களையும் ஃபன்னி சைடின் முப்பத்தெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசிகனுக்கு எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியில் செஃபன் ஃபாரஸ்ட் என்று ஒரு கிராமம். அங்கே இருபத்துச் சொச்சம் பேர் வாரத்துக்குப் பத்துப் பவுண்டு போட்டு வளர்த்த குதிரை டிரீம் அலையன்ஸ். ஓட்டத்தில் அதன் தசைநார் அறுந்தது. அந்த நிலையில் பந்தயக் குதிரையைக் கொன்றுவிடுவது சகஜம். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, அது சம்பாதித்த பணத்தை அதன் வைத்தியத்துக்கே செலவழிப்பது என்று முடிவு செய்தார்கள். ஸ்டெம்செல் சிகிச்சைக்குப் பிறகு 2009இல் அது வெல்ஷ் கிராண்ட் நேஷனலை வென்றது. வென்றதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கூட்டம். குதிரை பிழைக்க வேண்டுமா என்று கேட்டபோது பதில் சொல்லும் உரிமை, வாரம் பத்துப் பவுண்டு கொடுத்தவருக்கு இருந்தது. 206 டாலர் கொடுத்தவருக்கு இல்லை.

‘யாரும் லாபத்துக்காக வாங்கவில்லை, அனுபவத்துக்காக வாங்குகிறார்கள்’ என்று ஒரு சமாதானம் உண்டு. அப்படியானால் அனுபவம் என்றே விற்கட்டும். பிரிட்டனில் பந்தயக் கிளப்புகள் இருக்கின்றன. சந்தா கட்டினால் லாயத்தைப் போய்ப் பார்க்கலாம், பந்தய நாளில் உள்ளே நிற்கலாம். குதிரையில் பங்கு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். 2005இல் இங்கிலாந்தின் டெர்பியை வென்ற மோட்டிவேட்டர், இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள் கொண்ட ராயல் அஸ்காட் ரேசிங் கிளப்பின் பெயரில்தான் ஓடியது. கிளப் என்று சொல்லி ஆள் சேர்ப்பதில் எனக்குச் சண்டையில்லை. ‘முதலாளி’ என்ற பட்டத்தைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு, முதலாளிக்குரிய ஒரே அதிகாரத்தைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வதுதான் சண்டை.

இவ்வளவு அதிகாரம் சிலர் கையில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. ஒரு சில பொலிகுதிரைகளே எல்லாப் பெட்டைகளோடும் சேர்ந்துகொண்டிருந்தால் இனத்தின் பன்மை குறைந்துபோகும் என்று அஞ்சி, அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த பொலிகுதிரைகள் ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக்கூடாது. அடுத்த ஆண்டே மூன்று பண்ணைகள் நீதிமன்றம் போயின. ஒன்று, அதென்டிக்கின் ஸ்பெண்ட்திரிஃப்ட். இன்னொன்று, ஜஸ்டிஃபை நிற்கும் ஆஷ்ஃபோர்டு. மூன்றாவது திரீ சிம்னீஸ். கெண்டகி சட்டமன்றத்திலும் விதிக்கு எதிராக மசோதா வந்தது. 2022 பிப்ரவரியில் ஜாக்கி கிளப் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த இனத்தின் வம்சப் பதிவேட்டையே வைத்திருக்கும் அமைப்பு பின்வாங்க வேண்டிவந்தது. அதென்டிக்கில் பங்கு வைத்திருந்த ஆயிரக்கணக்கான சின்ன உரிமையாளர்களில் யாரிடமாவது ‘இந்த விதியை எதிர்த்து வழக்குப் போடுகிறோம், சம்மதமா?’ என்று கேட்டிருப்பார்களா?

சிண்டிகேட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. அது நடக்கவும் நடக்காது. ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் கூடுதலாக அச்சிடச் சொல்கிறேன். இனவிருத்தி உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஒரு வரி. அதே உரிமையாளர்களுக்கு இந்தப் பந்தயத்தில் வேறெந்தக் குதிரையில் பங்கு என்பது இன்னொரு வரி. பங்கு விற்கிற நிறுவனம் விற்கும்போதே, குதிரையை எப்போது நிறுத்துவது என்பதில் வாங்குபவருக்கு வாக்கு உண்டா இல்லையா என்று பெரிய எழுத்தில் போடட்டும். இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, பங்குகள் நாளுக்கு நாள் கைமாறுகின்றன, யார் கணக்கு வைப்பது என்று பதில் வரும்.

அந்தப் பதிலுக்கு ஃப்ளைட்லைன்தான் மறுமொழி. பத்து லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த குதிரை அது. வெஸ்ட் பாயிண்ட் என்ற சிண்டிகேட்டும் வேறு பல கூட்டாளிகளும் சேர்ந்த உரிமை. மொத்தம் ஓடியது ஆறு பந்தயம். 2022 நவம்பர் 5, சனிக்கிழமை, கீன்லாந்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை எட்டேகால் நீள வித்தியாசத்தில் வென்றது. மறுநாளே ஓய்வு அறிவித்தார்கள். அதற்கடுத்த நாள், திங்கள்கிழமை, அதே கீன்லாந்து ஏலக் கூடத்தில் அந்தக் குதிரையின் 2.5 சதவீதப் பங்கு மட்டும் தனியாக ஏலத்துக்கு வந்தது. 46 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் கணக்கில் முழுக் குதிரை 18 கோடியே 40 லட்சம் டாலர். பந்தயம் முடிந்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பங்கைத் துல்லியமாக நறுக்கி, ஆவணம் தயாரித்து, விலையை எல்லோர் கண்முன்னும் பலகையில் ஏற்ற அவர்களால் முடிந்தது. வாங்கியவருக்காக ஒரு முகவர் கையெழுத்திட்டார். வாங்கியவர் யார் என்று கேட்டார்கள், பெயரை வெளியிடவில்லை.